எண்ணூர்க் கடலில் ஒரு தெருவையே மிதக்க வைக்கலாமா?

எர்ணாவூர் டீச்சர் கேட்கிறார்:

எர்ணாவூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம். வழக்கம்போல இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தாழங்குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "கப்பலை மிதக்க வைக்கிறார்கள், தெருவை ஏன் மிதக்க வைக்கவில்லை டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் நினைவுக்கு வந்தது, அவனுடைய ஆயா வீடு இருந்த இடத்தைக் கடல் அரித்துவிட்டது, அங்கே இப்போது கருங்கல் கொட்டிக் கிடக்கிறது.

அன்று இரவு தேடிப் பார்த்தேன். ஜப்பானில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மிதக்கும் ஓடுதளமே செய்து பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் என் கேள்வி இதுதான். நம் பக்கத்தில் கடலைத் தூர்த்தும் கல்லைக் கொட்டியும் என்ன கண்டோம்? 1870களிலும் 80களிலும் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து கரை தேய்ந்துகொண்டே போகிறது. கடலைத் தூர்க்காமல், மணல் ஓட்டத்தை மறிக்காமல், தண்ணீர்மேல் தளம் போட்டு வீடோ மீன் இறங்குதளமோ கட்ட முடியாதா? முடியும் என்றால் ஏன் யாரும் செய்யவில்லை? முடியாது என்றால் எது தடுக்கிறது? நேரில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொன்னால் அந்தப் பையனுக்கு நேர்மையாகப் பதில் சொல்வேன்.

---

பழைய வெல்டர் எழுதுகிறார்:

டீச்சர், வணக்கம். எனக்கு வயது 67, திருவொற்றியூர்க்காரன். முப்பது வருடத்துக்கு மேல் கப்பல் பட்டறைகளில் வெல்டிங் வேலை, கடைசி ஒன்பது வருடம் ஃபோர்மேன். புத்தகம் படித்துச் சொல்லப்போவதில்லை. சில எண்களை மட்டும் மகனிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

முதலில் பையனிடம் சொல்லுங்கள், அவன் கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. மிதக்க வைப்பது எளிது. கணக்கை நீங்களே போடலாம். நீங்கள் சொல்லும் ஜப்பான் தளம் யோகோசுகாவில் 1998 முதல் 2000 வரை நடந்த சோதனை. நீளம் 1000 மீட்டர், அகலம் 60 மீட்டர், ஓரிடத்தில் மட்டும் 121. தடிமன் வெறும் 3 மீட்டர். சின்ன விமானங்களை அதில் இறக்கியும் ஏற்றியும் பார்த்தார்கள். அகலம் 60 என்றே வைத்துக்கொண்டால் பரப்பு 60,000 சதுர மீட்டர். அது ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ வேண்டுமென்றால் சுமார் 615 டன் ஏற்ற வேண்டும். தாழங்குப்பத்தின் மொத்த ஜனமும் கட்டிலும் பீரோவுமாக ஏறினாலும் அந்தத் தளம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அமிழாது.

அப்படியானால் சிக்கல் எங்கே? இரண்டு இடத்தில். ஒன்று அது வளையும். இன்னொன்று அது நிற்காது.

வளைவதை முதலில் சொல்கிறேன். 1000 மீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர் தடிமன். உங்கள் மேசைமேல் இருக்கும் 30 சென்டிமீட்டர் எஃகு அளவுகோலை எடுங்கள், அதன் தடிமன் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். விகிதம் ஏறக்குறைய அதுவேதான். கப்பலைப் பார்த்த கண்ணுக்கு இது பிடிபடாது. கப்பல் மரக்கட்டை மாதிரி, அலை வந்தால் முழு உடம்போடு ஏறி இறங்கும். இந்தத் தளம் பாய் மாதிரி. அலை அடியில் போகப் போகத் தானும் நெளியும். அதை நெளியவிடாமல் விறைப்பாகக் கட்டலாம் என்று தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால் இரும்புச் செலவில் பட்டறையே மூழ்கிவிடும். கொஞ்சம் நெளியட்டும் என்று விட்டுக் கட்டுவதுதான் வித்தை. நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. கட்டுமரத்தில் ஆணி கிடையாது, கட்டைகளைக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். அலையில் ஒவ்வொரு கட்டையும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்துகொடுக்கும், தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும்.

அவ்வளவு நீளத்தை எந்தப் பட்டறையிலும் ஒரே துண்டாகக் கட்ட முடியாது. பெட்டி பெட்டியாகச் செய்து, இழுவைப் படகால் இழுத்துப் போய்த் தண்ணீரிலேயே ஒட்ட வேண்டும். ஒரு கிலோமீட்டர் தளத்தை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பாண்டூன் எனும் மிதக்கும் இரும்புப் பெட்டிகளைத் தண்ணீரில் வைத்து ஒட்டியிருக்கிறேன். அந்த வேலையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் படத்திலும் இது தெரியாது.

காலை ஆறு மணிக்கு இரண்டு பெட்டிகளையும் நேர்ப்படுத்தி இடைவெளி அளப்போம். மேல்தளத்தில் ஐந்து மில்லிமீட்டர், அடியிலும் ஐந்து. பிரமாதம். டேக் வெல்டிங், அதாவது முதலில் அங்கங்கே பிடிப்புக்குப் போடும் சின்ன ஒட்டு, வைக்க ஆள் வந்து, கேபிள் இழுத்து, தேநீர் குடித்து வேலையைத் தொடங்கும்போது ஒன்பதரை மணி. அதற்குள் சித்திரை வெயில் மேல்தகட்டைச் சுட்டிருக்கும், வெறுங்கால் வைக்க முடியாது. அடித்தகடு கடல் நீரில் குளுகுளுவென்று இருக்கும். மேல்தகடு நீள்கிறது, அடித்தகடு நீளவில்லை, பெட்டி நடுவில் புடைத்து வில்லாக வளைகிறது. மேலே இரண்டு பெட்டியும் முட்டிக்கொண்டு நிற்கும், அடியில் விரல் நுழையும். முதல் தடவை இதைப் பார்த்தபோது அளந்தவனைத் திட்டினேன். அளந்தவன் நான்தான் என்று உதவியாள் நினைவுபடுத்தினான்.

நீங்கள் இயற்பியல் ஆசிரியர், போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், மேலுக்கும் கீழுக்கும் 20 டிகிரி வித்தியாசம். நடுப்பகுதி சுமார் பத்து சென்டிமீட்டர் தூக்கும். அதற்குப் பிறகு முக்கியமான இணைப்பை எல்லாம் விடியற்காலையில், இல்லையென்றால் ராத்திரியில்தான் வைப்போம். என் மனைவி நான் கடலில் வேலை பார்க்கிறேனா, காவல் வேலை பார்க்கிறேனா என்று கேட்பாள்.

இரண்டாவது விஷயம், நிற்காது என்றேனே, அதை வர்தா புயலில் பார்த்தேன். 2016 டிசம்பர் 12. எந்தப் பட்டறை என்று சொல்லப்போவதில்லை. ஒரு பாண்டூனை எட்டுக் கயிறு போட்டுத் துறையில் கட்டியிருந்தோம். கட்டச் சொன்னவன் நான். அலை ஏழெட்டு நொடிக்கு ஒன்று வந்து அடித்தது, அதற்கெல்லாம் அது அசையவில்லை. எனக்கு நிம்மதி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். மொத்தப் பாண்டூனும் மெதுவாக, மிக மெதுவாக, ஊஞ்சல் மாதிரி வெளியே போய்த் திரும்பி வந்தது. ஒரு முறை போய்வர ஒரு நிமிடத்துக்கு மேல். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் தூரம். அலை ஒவ்வொன்றும் சின்னதாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அந்தத் தள்ளல் கொத்துக் கொத்தாகக் கூடிக் குறைகிறது. கயிறு போட்ட பாண்டூனுக்கு இயல்பாகவே ஓர் ஆட்ட வேகம் உண்டு, இரண்டும் ஒத்துப்போனால் முடிந்தது. முதல் கயிறு அறுந்த சத்தம் காற்றின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் நான்கு. மிச்சம் மூன்றுதான் அதைப் பிடித்து வைத்தன. ஆளுக்குச் சேதம் இல்லை. எட்டையும் ஒரே அளவு இறுக்கமாகக் கட்டியது என் தப்பு.

ஜப்பான்காரர்கள் தங்கள் ஓடுதளத்துக்குக் கயிறே போடவில்லை. கடலடியில் தூண் நட்டு, தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் பெரிய ரப்பர் மெத்தை வைத்தார்கள். ஏறலாம், இறங்கலாம், பக்கவாட்டில் மட்டும் போகக் கூடாது. நல்ல யோசனை. ஆனால் அதைச் செய்தது டோக்கியோ விரிகுடாவுக்குள். இது முக்கியம் டீச்சர். வங்காள விரிகுடா பெயரில்தான் விரிகுடா, எண்ணூர் வாசலில் அது திறந்த கடல்.

---

காசிமேட்டு விசைப்படகு எழுதுகிறார்:

வெல்டர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. எங்கள் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலில் நிழல் விழுந்தால் அதன் அடியில் மீன் கூடும். உடைந்த மிதவை, தென்னை மட்டை, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு கிலோமீட்டர் நிழல் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அதன் பக்கத்தில் எங்களை விடுவார்களா? கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைச் சுற்றி 500 மீட்டருக்குள் படகு போகக் கூடாது. இதற்கும் அதே விதிதான் வரும். மீனெல்லாம் அதன் அடியில், நாங்கள் வெளியே. நங்கூரச் சங்கிலி தளத்தின் விளிம்போடு நிற்பதில்லை, சாய்வாக வெகுதூரம் போய்த்தான் தரையில் பிடிக்கும். அதில் மாட்டிய வலைக்கு யார் காசு தருவது?

இன்னொன்று. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர்க் கரையில் எண்ணெயை வாளியில் மொண்டதை டீச்சரும் பார்த்திருப்பார். நகர்ந்து விலகிப்போகக் கூடிய கப்பலுக்கே அந்தக் கதி. நகர முடியாத ஒரு ஊரைக் கப்பல் போகும் வழியின் ஓரத்தில் வைத்தால் அதன்மேல் தூங்க எனக்குத் தைரியம் இல்லை.

---

அலைத்தொட்டி எழுதுகிறார்:

கடல்சார் பொறியியல் ஆய்வு மாணவன், வீடு தண்டையார்பேட்டை. பெரியவர் ஊஞ்சல் என்று சொன்னதை நாங்கள் மெதுநகர்வு விசை என்று மூன்று பாடவேளை படிக்கிறோம். இனிமேல் ஊஞ்சல் என்றே சொல்லப்போகிறேன்.

சில கூடுதல் விஷயங்கள். நம் கடலில் இரண்டு வகை அலை கலந்து வருகிறது. உள்ளூர்க் காற்று எழுப்புவது ஒன்று, ஆறு நொடி அலை என்றால் ஆழ்கடலில் அதன் நீளம் சுமார் 56 மீட்டர். இன்னொன்று தென்கடல் புயல்களிலிருந்து நாள் கணக்காகப் பயணம் செய்து வரும் நெடிய அலை. 14 நொடி அலைக்கு நீளம் 300 மீட்டரைத் தாண்டும். குட்டை அலையைப் பெரிய தளம் திருப்பி அனுப்பிவிடும். நெடிய அலை அடியில் புகுந்து, தளத்தை வளைத்துக்கொண்டே மறுபக்கம் போகும். கரையில் காற்றே இல்லாத நாளில் படகை முகத்துவாரத்தில் கவிழ்ப்பது அந்த அலைதான் என்று காசிமேட்டு அண்ணனுக்குத் தெரியும்.

அதனால் உலகத்தில் உண்மையாகவே இயங்கிய, இயங்கும் பெரிய மிதவைகளைப் பார்த்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி ஒதுக்குப்புறத்தில் ஒளிந்துகொள்ளும். ஜப்பானின் ஷிராஷிமாவில் 1996 முதல் கச்சா எண்ணெயை மிதக்கும் பெட்டிகளில் சேமிக்கிறார்கள். எட்டுப் பெட்டி, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம், மொத்தம் 560 கோடி லிட்டர் பிடிக்கும். எட்டும் அலைதடுப்புச் சுவர்களுக்குள். சிங்கப்பூர் மரினா விரிகுடாவில் 2007-இல் போட்ட மிதக்கும் மேடை 120 மீட்டருக்கு 83 மீட்டர் இருந்தது. அங்கே அலையென்று சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு கட்சி ஆழ்கடலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே இருக்கும் பிரெலூட் எரிவாயுக் கப்பல் 488 மீட்டர் நீளம். மூக்குப் பக்கம் ஒரு சுழல் தண்டில் நங்கூரச் சங்கிலிகள், புயல் எந்தத் திசையில் வந்தாலும் கப்பல் அந்தத் தண்டைச் சுற்றித் திரும்பி மூக்கைக் காட்டும். சுற்றிலும் அதற்கு இடம் வேண்டும். தெருவை அப்படிச் சுழலவிட முடியாது.

சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2007-இல் சாகர் சக்தி என்ற மிதவையைக் கரையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நிறுத்தி, நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையை இயக்கிக் காட்டியது. மேற்பரப்பு வெந்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்நீரால் அந்த ஆவியைத் திரும்ப நீராக்குவது. அது முழுநேர ஆலை இல்லை, செய்து காட்டல்தான். அதே மிதவையை வைத்து அதற்கு முன்பு தூத்துக்குடிப் பக்கம் கடல் வெப்பத்தில் மின்சாரம் எடுக்கப் பார்த்தார்கள், குளிர்நீர்க் குழாயை இறக்குவதிலேயே அது நின்றுவிட்டது.

பெரியவரோடு ஒரு சின்ன வேறுபாடு. இரும்பு ஒன்றே வழி என்றில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் ஓர் ஏரியில் கான்கிரீட் பெட்டிகள்மேல் நெடுஞ்சாலையே மிதக்கிறது. 2016-இல் திறந்த பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளம்.

---

பழைய வெல்டர்:

தம்பி, கான்கிரீட் பெட்டியைச் சொன்னாய், அதே ஏரியில் 1990 நவம்பரில் இன்னொரு மிதவைப் பாலம் மூழ்கியதையும் சொல்லியிருக்க வேண்டும். பழுதுபார்ப்பதற்காகப் போக்குவரத்தை நிறுத்திய பாலம். வேலை வசதிக்குப் பெட்டிகளின் மூடிகளைத் திறந்து வைத்திருந்தார்கள், பழைய கான்கிரீட்டை உடைத்த தண்ணீரையும் பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தார்கள். புயல் மழை வந்தது. ஒரு பெட்டி போனது, அது பக்கத்துப் பெட்டியை இழுத்தது. ஐம்பது வருடம் நின்ற பாலம் ஒரு மூடியால் போயிற்று. மிதக்கும் ஊரில் குடியிருப்பவன் எவனாவது காற்று வரட்டும் என்று ஒரு மேன்ஹோலைத் திறந்து வைத்தால் என்ன செய்வாய்? வைப்பான். எனக்கு நம் ஜனத்தைத் தெரியும்.

ஆனால் மிதவைக்கு ஒரு பெரிய குணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தேவை மாறினால் இழுத்துக்கொண்டு போகலாம். அந்த ஜப்பான் சோதனைத் தளத்தை அப்புறம் துண்டு போட்டார்கள். ஒரு துண்டு, 136 மீட்டருக்கு 46 மீட்டர், ஷிமிசு துறைமுகத்தில் ஜனங்கள் தூண்டில் போடும் பூங்காவாக இருந்தது. 2011-இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்ததும் அதையே இழுத்துப் போய், கதிரியக்கம் குறைவாகக் கலந்த நீரைத் தேக்கும் தொட்டியாக வைத்துக்கொண்டார்கள். நிலத்தில் தூர்த்துக் கட்டிய எதையாவது அப்படி எடுத்துப் போக முடியுமா?

---

எர்ணாவூர் டீச்சர்:

ஐயா, அண்ணா, தம்பி, மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன பத்து சென்டிமீட்டரைப் போட்டுப் பார்த்தேன் ஐயா, சரியாக வருகிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. கரையோரத்தில் மிதக்கும் தளம் வேண்டுமென்றால் அதற்கு ஒதுக்கிடம் வேண்டும் என்கிறீர்கள். எண்ணூரில் இயற்கையான ஒதுக்கிடம் கிடையாது. அப்படியானால் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்ட வேண்டும். எங்கள் தெருவைத் தின்றதே அப்படிப்பட்ட சுவர்தானே?

---

அலைத்தொட்டி:

ஆமாம் டீச்சர், அதேதான். சுவரே இல்லாமல் தளம் மட்டும் நின்றாலும் முழுதாகத் தப்ப முடியாது. தளத்துக்குப் பின்னால் குட்டை அலை அடங்கிவிடும். அலை அடங்கிய இடத்தில் மணல் தங்கும். நம் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, இங்கே தங்கியது பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சேராது. கல்சுவரைவிடக் குறைவுதான், இல்லையென்று சொல்ல முடியாது.

---

பழைய வெல்டர்:

டீச்சர், நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. இத்தனை வருடம் வேலை பார்த்தும் எனக்கு இப்படி எதிரில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் பதில்: தாழங்குப்பத்துக்கு எதிரே வீடு கட்ட இது உதவாது. ஏற்கெனவே சுவர் இருக்கும் இடத்துக்குள் உதவும். காட்டுப்பள்ளிக் கப்பல்தளத்தில் 2017-இல் கடற்படைக்கு ஒரு மிதக்கும் பழுதுபார்ப்புத் தளத்தை நீரில் இறக்கினார்கள், 185 மீட்டர் நீளம், 8000 டன் கப்பலைத் தூக்கும். தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் தாழும், கப்பல் உள்ளே வரும், தண்ணீரை இறைத்தால் கப்பலோடு மேலே வரும். அந்த மாதிரி வேலை தெரிந்த கைகள் இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் படகு அணைக்க இடமில்லாமல் ஐந்தாறு வரிசையாகக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்று தாவித் தாவிக் கரையேறுகிறார்கள். அந்தச் சுவருக்குள் 60 மீட்டரில் ஒரு மிதக்கும் இறங்குதளம் போட்டால் முதல் இணைப்பை வைக்க நானே வருகிறேன். விடியற்காலை என்றால் மட்டும்.

---

காசிமேட்டு விசைப்படகு:

அதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஐஸ் வண்டி ஏறும் அகலத்துக்குப் போடச் சொல்லுங்கள். போன மாதம் படகு தாவும்போது என் மச்சானுக்குக் கணுக்கால் பிசகி இன்னும் நொண்டுகிறான்.

---

எர்ணாவூர் டீச்சர்:

இன்று வகுப்பில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு மரப்பலகையும் ஒரு பழைய ஃபைல் அட்டையும் மிதக்கவிட்டோம். ஒருவன் ஓரத்தில் தட்டித் தட்டி அலை எழுப்பினான். பலகை எழும்பி விழுந்தது, அட்டை நெளிந்தது. பிறகு பலகையை நூலால் ஆணியில் கட்டினோம். தாழங்குப்பத்துப் பையன் நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வர்தா கதையை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. "அலை வேகமாக அடிக்கிறது, ஆனால் நூல் மெதுவாகத்தான் இழுக்கிறது டீச்சர்" என்றான். ஐயா, ஞாயிற்றுக்கிழமை நான்கு பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாமா?

---

பழைய வெல்டர்:

வாருங்கள். ஆறு மணிக்கு முன்னால் வந்தால் வெயிலுக்கு முன் ஒரு தகட்டை அளந்து காட்டுகிறேன், பத்து மணிக்கு அதையே அவர்கள் அளக்கட்டும். நூலுக்குப் பதிலாக சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.